ஃபார்ம்ல இருந்த டைசன்

வாங்க சார், உக்காருங்க. ஷேவிங்கா? இன்னா சார் வெளையாடறீங்க? மூஞ்சி மழமழன்னு இருக்குது. காலைல தான் கத்தி பட்டிருக்குது, சோப்பு வாசன கூடப் போவல. பரவால்ல, உக்காருங்க. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். தணிகாசலம் வூட்டுப் பையன விசாரிக்க வந்திருக்கீங்க. பொண்ணுக்குத் தாய்மாமனா? பாத்தீங்களா, கரெக்டா சொன்னேன். இந்தத் தெருவுல எந்த வூட்டு வரன விசாரிக்க வந்தாலும் நேரா இந்த நாதமுனி சலூனுக்குத் தான் வருவாங்க. டீக்கடைல கேட்டா நாலு பேர் காதுல வுழும். இங்க கேட்டா கத்திரிச் சத்தத்தோட போயிடும்.

தலையப் பின்னாடி சாச்சுக்கங்க. மூஞ்சில தண்ணி அடிக்கறேன், ஜில்லுனு இருக்கும்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன் சார். தணிகாவோட பொஞ்சாதி வச்சலா, என்னை அண்ணான்னு தான் கூப்புடும், போன வாரம் இதே வாசப்படில வந்து நின்னுக்கினு அழுவுது. "அண்ணா, எம்புள்ள திவாகருக்கு முப்பத்திரெண்டு முடியப் போவுது. இனிமே யாராச்சும் விசாரிக்க வந்தா, பையன் குடிக்க மாட்டான், மெட்ரோ ரயில்ல வேல செய்யறான், அத்த மட்டும் சொல்லுங்க. உங்க கால்ல வேணா வுழறேன், பாக்ஸிங் மட்டும் பேசாதீங்க"ன்னுது. எனக்கு மனசே கேக்கல. "தங்கச்சி, அந்த முருகர் மேல சத்தியமாப் பேச மாட்டேன், நீ போய் நிம்மதியா சோறு துன்னு"ன்னு சொல்லி அனுப்பினேன். சொன்னா சொன்னது தான். பாக்ஸிங் பத்தி ஒரு வார்த்த என் வாய்லேருந்து வராது. நீங்களும் கேக்காதீங்க.

பையன் குடிக்க மாட்டான். மெட்ரோ ரயில்ல வேல செய்யறான். தங்கமான புள்ள.

அவ்ளோ தான்.

இன்னா சார் பாக்கறீங்க? கண்ணாடி மேல மாட்டியிருக்கற படமா? அது மைக் டைசன் சார். பக்கத்துல முருகரு. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ரெண்டு பேருக்கும் மால உண்டு. "ஏன்டா, உசுரோட இருக்கறவன் படத்துக்கு மால போடறியே, உருப்படுவியா"ன்னு தணிகா கத்துவான். டேய், நான் மால போடறது எண்பத்தெட்டாம் வருஷத்து டைசனுக்குடா, அந்த ஆளு போய்ச் சேந்துட்டான்டா, இப்ப இருக்கறது வேற யாரோ ஒருத்தன்டான்னு சொன்னா அவனுக்கு மண்டைல ஏறாது. இல்ல சார், நீங்க படத்தப் பாத்தீங்க, அதனால சொல்றேன். படத்தப் பத்திப் பேசினா பாக்ஸிங் பேசினதா ஆவாது. அது வேற, இது வேற.

அதே கண்ணாடில உங்க தலைக்குப் பின்னாடி பாருங்க. எதிர் செவுத்துல ஒருத்தன் வாயத் தொறந்து கத்திக்கினு இருக்கானே, அது முகம்மது அலி. அத்த ஒட்டினது தணிகா. என் கடை, என் செவுரு, என்னை ஒரு வார்த்த கேக்கல. ஏன்டா அங்க ஒட்டினேன்னு கேட்டா, "நீ எவன் தலையப் பாத்தாலும் அதுக்குப் பின்னாடி அலி தெரியணும்டா மச்சான்"ங்கறான். எவ்ளோ கொழுப்பு பாருங்க. கிழிச்சுப் போட்டுடலாம்னு தான் பாத்தேன். கிழிச்சா செவுத்துப் பெயிண்டு உரிஞ்சுக்கினு வரும். அதான் வுட்டு வெச்சிருக்கேன். தெனம் காலைல தூசி மட்டும் தொடைக்கறது. கடைக்கு வர்றவங்க கலீஜா நெனைக்கக் கூடாதில்ல?

மேட்டரு ரொம்ப சிம்பிள் சார். ஃபார்ம்ல இருந்த டைசனும் ஃபார்ம்ல இருந்த அலியும் ஒரே ரிங்ல ஏறினா யாரு ஜெயிப்பாங்க? அவ்ளோ தான் கேள்வி. இத்தக் கொழந்த கூட சொல்லும். டைசன் உலகப் பட்டம் வாங்கறப்போ அவனுக்கு வயசு இருவது. நம்ம ஊர்ல இருவது வயசுப் பையனுக்கு மீச ஒதுக்கத் தெரியாது, நான் தான் ஒதுக்கி வுடணும். எண்பத்தெட்டுல ஸ்பிங்க்ஸ்னு ஒருத்தன். அதுவரைக்கும் தோல்வின்னா இன்னான்னே தெரியாத ஆளு. ஒன்றர நிமிஷம் சார்! நானும் தணிகாவும் வீடியோ டெக்கு வாடகைக்கு எடுத்து, கேசட்டப் போட்டுட்டு, முறுக்கு எடுக்கத் திரும்பினோம். மறுபடி பாத்தா ஆளு மல்லாக்கப் படுத்திருக்கான். கேசட்டு தான் ரிப்பேருன்னு நெனச்சு ரீவைண்டு பண்ணிப் பண்ணிப் பாத்தோம். முறுக்க யாரும் தொடல.

அடிக்கறது மட்டும் இல்ல சார். அந்தத் தலைய ஆட்டற ஆட்டு இருக்குதே. இப்பிடி, இப்பிடி, குனிஞ்சு உள்ள போயி, வயித்துல ஒண்ணு, அதே கையால தாடைல ஒண்ணு. ஐயோ பயப்படாதீங்க சார், கத்திய எடுத்துட்டேன். நான் கைல கத்தி வெச்சுக்கினு பாக்ஸிங் பேசினா எப்பவும் இடது கைல தான் குத்திக் காட்டுவேன். இத்தன வருஷத்துல ஒருத்தருக்கும் கீறல் இல்ல.

இப்ப தணிகா கட்சியச் சொல்றேன், கேளுங்க. நான் ஒருதலையாப் பேசற ஆளு இல்ல. நான் கேட்டேன், டேய், அலிய ஹோம்ஸ் அடிச்சான். அந்த ஹோம்ஸ டைசன் நாலாவது ரவுண்டுல படுக்கப் போட்டான். அப்போ கணக்கு இன்னா ஆச்சு? அதுக்கு அவன் சொல்றான், "ஹோம்ஸ் அடிச்சது வயசான அலிய. டைசன் அடிச்சது வயசான ஹோம்ஸ. ரெண்டு கெழவனுங்கள வெச்சுக் கணக்குப் போடறியே, நீ சலூன் வெச்சதோட நிறுத்திக்கோடா." இது ஒரு பேச்சா சார்? வயசு ஆவறது அவனவன் குத்தம் தானே? டைசனா வந்து வயச ஏத்தினான்?

அப்புறம் ஒரே பிடியா அந்த டோக்கியோவப் பிடிச்சுக்கினு தொங்குவான். "டோக்கியோல டக்ளஸ் கிட்ட வுழுந்தானே, வுழுந்து பல்லு கவசத்தத் தேடிக்கினு இருந்தானே, அது இன்னாடா"ன்னு. அது ஃபார்ம் போனப்புறம்டான்னேன். "எப்படா போச்சு?" டோக்கியோவுக்கு ப்ளேன் ஏறினப்போ போச்சுன்னேன். சிரிக்கறான் சார். நெஜமா தான் சொல்றேன், சிரிக்கறான். சரி, உன் அலி ஃப்ரேஸியர் கிட்ட தோத்தானேன்னு கேட்டா மட்டும் மூஞ்சிய உம்முனு வெச்சுக்குவான். "பட்டாளத்துல சேர மாட்டேன்னதுக்கு மூணர வருஷம் ஆடவே வுடாம வெளிய உக்கார வெச்சாங்க, அவன் ஃபார்ம் அதுக்கு முன்னாடிடா, அறுபத்தாறு அறுபத்தேழுல பாரு, காலு தரையிலயே படாது"ங்கறான். அவன் ஆளுக்கு ஃபார்ம் போவலாமாம், என் ஆளுக்குப் போவக் கூடாதாம். இன்னா நாயம் சார் இது?

ஃபார்ம்னா இன்னான்னு எனக்குத் தெரியும் சார். நானும் ஆடினவன். இப்ப தான் தொப்பை. அப்போ மீன்பிடி தொறமுகத்துக்குப் பக்கத்துல கொட்டக போட்டு ஆடுவோம், பொம்பளைங்க கூட வந்து நின்னு பாப்பாங்க. தணிகாவும் நானும் ஒரே வாத்தியார் கிட்ட கத்துக்கினோம். என் ஃபார்மு தை மாசம் ஆரம்பிச்சுது, சித்திர வரைக்கும் இருந்துச்சு. அந்த நாலு மாசம் என் எதுருல எவனும் நிக்க முடியாது. அந்த நாலு மாசம் எவனும் ஆடக் கூப்புடவும் இல்ல, அத்த வுடுங்க. தணிகா கூட எனக்கு மேட்ச் போட்டாங்க பாருங்க, வைகாசில. தோத்தேன். சும்மா சொல்லக் கூடாது, நல்லாவே தோத்தேன். ஆனா அது வைகாசி.

அந்தக் கன்னம் காட்டுங்க.

நீங்க பையனப் பத்திக் கேக்கணும்னு தானே வந்தீங்க? கேளுங்க. உள்ளத உள்ளபடி சொல்ற ஆளு நான். இதுக்கு முன்னாடி மூணு பேரு இதே நாற்காலில உக்காந்து கேட்டுட்டுப் போனாங்க. ஒருத்தருக்கும் நான் பொய் சொல்லல. மொதல்ல காஞ்சிபுரத்துலேருந்து ஒரு பெரியவரு. பையனோட அப்பா நாலு பேர் சொன்னா கேப்பாரான்னு கேட்டாரு. கேக்க மாட்டான் சார், முப்பது வருஷமா ஒரே ஒரு நாயத்த எடுத்து எடுத்துச் சொல்றேன், ஒத்துக்கவே மாட்டேங்கறான், தல போனாலும் ஒத்துக்க மாட்டான்னு சொன்னேன். உண்ம தானே? அப்புறம் செங்கல்பட்டுலேருந்து ஒரு வாத்தியாரு. பையனுக்கு சுயமா முடிவெடுக்கத் தெரியுமான்னாரு. கெடையவே கெடையாது சார், அப்பன் அலின்னா இவனும் அலி, ஒரு நாள் கூட எதுத்து ஒரு வார்த்த பேசினவன் இல்லன்னேன். அதுவும் உண்ம. மூணாவது வந்தவரு, வூட்ல சண்ட சச்சரவு உண்டான்னு கேட்டாரு. ஞாயித்துக்கெழம தவறாது சார், நானே போய்ப் போடுவேன், தெருமுன வரைக்கும் கேக்கும்னு சொன்னேன்.

மூணு பேரும் நல்ல மனுசங்க. மூணு பேரும் அதுக்கப்புறம் தணிகா வூட்டுப் பக்கம் கூடப் போவல. ஜாதகம் சரியில்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். ஜாதகத்துக்கு நான் இன்னா சார் பண்ண முடியும்? தணிகா நேரா வந்து, கடை நெறைய ஆளுங்க உக்காந்திருக்கறப்போ, "ஏன்டா என் புள்ள வாழ்க்கைல மண்ண வாரிப் போடற"ன்னு கத்தறான். நானா? மண்ணா? எனக்கும் சுர்ருனு ஏறிடுச்சு. டேய், டைசன் தான் ஜெயிப்பான்னு நீ என்னிக்கோ ஒத்துக்கினு இருந்தா, பிடிவாதக்காரன்னு நான் ஏன்டா சொல்லப் போறேன், தப்பு உன் மேலடான்னேன். எறங்கிப் போயிட்டான்.

போனவன் போனவன் தான். ஏழு மாசம் ஆவுது. தெருவுல எதுருல வந்தா, செல்போனப் பாத்துக்கினே அந்தப் பக்கம் தாண்டிப் போறான். சரி, பேசாட்டிப் போ. முடிவெட்ட இன்னாடா பண்ணுவேன்னு பாத்தா, மெயின் ரோட்டுல புதுசா ஒரு ஏசி பார்லர் தொறந்திருக்கான் பாருங்க, அங்க போறான்! அங்க இருக்கறவனுங்களுக்கு இவன் மண்ட தெரியுமா? இவனுக்கு இடது பக்கம் ஒரு சுழி இருக்குது, அத்த ஒட்ட வெட்டினா முடி குத்துக்குத்தா நிக்கும். மீச ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் எறங்கி இருக்குது சார். நான் இங்கேருந்து பாக்கறேன். ஓடிப்போய்ப் பிடிச்சு இழுத்தாந்து உக்கார வெச்சு, ரெண்டே ரெண்டு வெட்டு வெட்டி வுட்டா சரியாப் போயிடும். எப்பிடிப் போறது? எனக்கும் ரோஷம் இல்லயா?

எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல சார் அவன் மேல. சுத்தமா இல்ல. பத்து நாளைக்கு முன்னாடி செல்லுல டைசன் ஆட்டம் ஒண்ணு போட்டுப் பாத்துக்கினு இருந்தேன். நூறு வாட்டி பாத்தது தான். அன்னிக்குத் தான் கவனிக்கறேன், அடிக்கறதுக்கு முன்னாடி அந்த வலது காலு ஒரு அரச் சாண் வெளிய போவுது, அதுக்கப்புறம் தான் கையே கெளம்புது. அடடா, இத்தக் காட்டினா தணிகா வாய மூடிக்குவான்னு, ஒருத்தருக்குப் பாதி வெட்டிக்கினு இருந்தத அப்பிடியே வுட்டுட்டு செல்ல எடுத்துக்கினு ஓடினேன். அவன் வூட்டு கேட்டுல கைய வெச்சப்புறம் தான் நெனப்பு வருது, நாங்க பேசறது இல்லன்னு. திரும்பி வந்துட்டேன். யார் கிட்ட சொல்றது சார்? என் பையனுக்கு கிரிக்கெட்டு. வூட்டுக்காரிக்கு சீரியலு. இங்க வர்றவன் எல்லாம் ஆமாண்ணா ஆமாண்ணான்னு தலையாட்டிட்டுத் துட்டக் குடுத்துட்டுப் போறான். ஆமான்னு சொல்றவன வெச்சுக்கினு இன்னா பண்றது? டைசன் ஜெயிச்சா மட்டும் போதுமா, இல்லடான்னு சொல்ல எதுருல ஒருத்தன் வேணாமா?

சரி, முடிஞ்சுது. படிகாரம் தேய்க்கறேன், லேசா எரியும். தோ, தொடைச்சுக்கங்க. மூஞ்சி பளபளன்னு இருக்குது. துட்டு வேணாம் சார், ஒண்ணும் இல்லாத மூஞ்சிக்கு இன்னாத்துக்குத் துட்டு?

தணிகா வூடு நேராப் போயி மூணாவது. பச்ச கேட்டு. இன்னாது? பஸ் ஸ்டாப்பு எந்தப் பக்கமா?

ஏன் சார்? வூட்டுக்குப் போவலயா?

சொல்லுங்க சார், பரவால்ல, மனசுல இருக்கறத சொல்லுங்க. ஒண்ணுமில்லாத ஒரு குத்துச்சண்டப் பேச்சுக்காக முப்பது வருஷத்து சிநேகிதத்தயே அறுத்துப் போட்டுட்டுப் போன மனுசன். அந்த வூட்ல எங்க பொண்ணு எப்பிடி வாழும்னு கேக்கறீங்க.

ஐயையோ. உக்காருங்க சார். ஒரு நிமிஷம், அந்த ஸ்டூல்லயாவது உக்காருங்க. நான் அப்பிடியா சொன்னேன்? நான் அவன நல்லவன்னு தானே சொல்லிக்கினு வந்தேன் இவ்ளோ நேரம்! தப்பாப் புரிஞ்சுக்கினீங்க. அந்த வைகாசி மேட்ச நான் முழுசா சொல்லல, அதான். நான் யார் கிட்டயும் சொல்றது இல்ல. இப்ப சொல்றேன்.

ரெண்டாவது ரவுண்டுல அடிச்சான் சார். நான் கீழ. கண்ணு ரெண்டும் இருட்டிக்கினு வந்துடுச்சு. சட்டம் இன்னான்னா, ஒருத்தன் வுழுந்தா அடிச்சவன் எதிர் மூலைக்குப் போயிடணும். அவன் போய் நின்னப்புறம் தான் ரெஃபரி ஒண்ணு ரெண்டுன்னு எண்ணவே ஆரம்பிப்பாரு. பத்து எண்ணி முடிச்சா அவனுக்கு ஜெயிப்பு. ஜெயிச்சா மாவட்டப் போட்டிக்குப் போவலாம், தொறமுகத்துல வேல கெடைக்கும்னு வேற பேச்சு இருந்துச்சு. இவன் மூலைக்குப் போவல சார். என் பக்கத்துல முட்டி போட்டு உக்காந்துக்கினான். ரெஃபரி போடா போடான்னு நெஞ்சுல கைய வெச்சுத் தள்றாரு. எங்க வாத்தியார் வெளியேருந்து கெட்ட வார்த்தைல திட்டறாரு. கொட்டகையே கத்துது. இவன் என் மூஞ்சிகிட்ட குனிஞ்சு, "மச்சான், கண்ணத் தொறடா, நான் தெரியறனாடா, கண்ணத் தொற"ன்னு கேட்டுக்கினே இருக்கான். நான் கண்ணத் தொறந்து தலைய ஆட்டினப்புறம் தான் எழுந்து மூலைக்குப் போனான். அதுக்குள்ள எனக்குத் தெளிஞ்சுடுச்சு. ஏழுல எழுந்துட்டேன். மறுபடி அடிச்சான், மறுபடி வுழுந்தேன், அது வேற விஷயம்.

அந்த ஆளு சார் அவன். ஜெயிக்கற நேரத்துல கூட, கீழ கெடக்கறவன் கண்ணத் தொறந்தானான்னு பாத்துட்டுத் தான் போவான். அவன் வூட்டுக்கு வர்ற பொண்ணு அழுதுச்சுன்னா என்னை வந்து செருப்பால அடிங்க. திவாகரும் அவன மாதிரியே தான். நான் சுயபுத்தி இல்லன்னு சொன்னது அலி விஷயத்துல மட்டும் சார். மத்த விஷயத்துல எல்லாம் நல்ல புத்தி.

எனக்காக ஒரே ஒரு தபா அந்த கேட்டத் தட்டுங்க. போய் உக்காருங்க, தங்கச்சி காப்பி குடுக்கும். தணிகா கேப்பான், தெருமுன சலூன்ல விசாரிச்சீங்களான்னு. கேக்கறப்போ அவன் மூஞ்சியப் பாருங்க. அவ்ளோ பெரிய உடம்பு, பயந்து போயி உக்காந்திருப்பான். எனக்கு அது வேணாம் சார். அவன் என்னைப் பாத்து பயப்படறது எனக்கு வேணாம். நீங்க சொல்லுங்க, ஆமா விசாரிச்சேன், தங்கமான குடும்பம்னு நாதமுனி சொன்னான்னு. அப்பவும் நம்ப மாட்டான். நம்பறதுக்கு இன்னொண்ணு சொல்லுங்க.

அலி தான் ஜெயிப்பான்னு நாதமுனி ஒத்துக்கினான்னு சொல்லுங்க.

ஆமா சார். நெஜமா தான். சொல்லிட்டேன், போங்க. அலி தான். என்னை மறுபடி சொல்ல வெக்காதீங்க. போங்க, போங்க, அவன் வெளிய கெளம்பிடப் போறான். அந்தப் பக்கம் இல்ல சார், இந்தப் பக்கம். மூணாவது வூடு.

சார்! சார், ஒரு நிமிஷம் நில்லுங்க!

பதினஞ்சு ரவுண்டு ஆடினா, அப்பிடின்னு சேத்து சொல்லிடுங்க. அலி காலத்துல பட்டத்துக்குப் பதினஞ்சு ரவுண்டு. பதினஞ்சு இழுத்தா டைசனுக்கு மூச்சு வாங்கும், ஒத்துக்கறேன். ஆனா டைசன் காலத்து மாதிரி பன்னெண்டு ரவுண்டுன்னா... இல்ல, அத்த நீங்க சொல்ல வேணாம், உங்களுக்கு இன்னாத்துக்கு வம்பு? பதினஞ்சுன்னு மட்டும் சொல்லுங்க, போதும். பதினஞ்சுன்ற வார்த்த காதுல வுழுந்ததும் அவனே செருப்பு கூடப் போடாம ஓடியாருவான், எங்கிட்ட சண்ட போட. நான் கடைலயே தான் இருக்கேன் சார். எங்கயும் போவல.